‘வேண்டாம்’ என்று ஒரு பட்டன்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அக்கா பெண் வீட்டுக்கு வந்தாள். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அவள் உத்தியோகத்துக்கு ஆபத்து. பழைய மகாபலிபுரம் சாலையில், முழுவதும் கண்ணாடியாலேயே கட்டினாற்போல் நிற்கும் கட்டடங்களில் ஒன்றில் அவளுக்கு வேலை. செல்போனைத் திறந்தால் நம் கண்ணில் படுகிறதே திரை, அதை வரைந்து கொடுப்பது அவள் தொழில். எந்த எழுத்து எங்கே வரவேண்டும், என்ன வர்ணத்தில் வரவேண்டும், எந்தப் பட்டன் எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு.

வழக்கமாக வாசற்படி ஏறும்போதே, “சித்தி, காப்பி!” என்று குரல் கொடுப்பவள், அன்று பேசாமல் ஊஞ்சலில் போய் உட்கார்ந்து கொண்டாள். காப்பியைக் கையில் கொடுத்தேன். ஆறி ஏடு படிகிற வரையில் டம்ளரையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

“என்னடி சமாசாரம்?” என்று கேட்டேன்.

“ஒன்றுமில்லை சித்தி. ஒரு பட்டன்.”

“அறுந்துவிட்டதா? ஊசி நூல் கொண்டு வரட்டுமா?”

அப்போதுதான் சிரித்தாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

அவர்கள் கம்பெனி தயாரிக்கும் திரையில் ஒரு கேள்வி வருமாம். “உங்கள் போனில் இருக்கும் பெயர்கள், நம்பர்கள் எல்லாவற்றையும் நாங்கள் எடுத்துக் கொள்ளலாமா?” என்று. கீழே இரண்டு பட்டன்கள். ஒன்று ‘சம்மதம்’, மற்றொன்று ‘வேண்டாம்’. இவள் இரண்டையும் ஒரே அளவில், ஒரே வர்ணத்தில் போட்டுக் காட்டியிருக்கிறாள். மேலதிகாரிக்குப் பிடிக்கவில்லை. “சம்மதம் என்பதைப் பச்சையில் பெரிசாகப் போடு. வேண்டாம் என்பதைச் சாம்பல் நிறத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருகிற மாதிரிப் போடு” என்று உத்தரவிட்டிருக்கிறார்.

“பாட்டிமார்கள் கண்ணில் படக்கூடாதாம், சித்தி. அவருக்குப் பின்னால் சுவரில் எட்டடி நீளத்துக்கு, ‘வாடிக்கையாளரின் நம்பிக்கையே நமது மூலதனம்’ என்று எழுதியிருக்கிறது. அதையே பார்த்துக் கொண்டு நின்றேன். நாளைக்குள் செய்து கொடுக்க வேண்டும். என்ன செய்யட்டும்?”

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கெல்லாம் தர்மோபதேசம் செய்கிறவளாயிற்றே நான்! என்ன சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? வெட்கத்தை விட்டு உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

“அசடே, இதற்கா இவ்வளவு விசாரம்? மாதம் பிறந்தால் வீட்டுக் கடனுக்குத் தவணை கட்ட வேண்டும். கல்யாணத்துக்கு வேறு பார்த்துக் கொண்டிருக்கிறோம். ஒரு பட்டனைச் சின்னதாகப் போட்டால் உலகம் முழுகிவிடாது. நீ போடாவிட்டால் அடுத்த நாற்காலிக்காரன் போட்டுவிட்டுப் போகிறான்” என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்துக் காய் நிறுத்த வண்டிக்காரரைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதினீர்களே, சித்தி! அவர் ஒட்டாவிட்டால் அடுத்த வண்டிக்காரர் ஒட்டத்தானே போகிறார்?”

சுருக்கென்று தைத்தது. கொசுறு கறிவேப்பிலை கேட்டு அந்த மனிதரோடு நான் போட்ட சண்டை தெரு முழுவதும் பிரசித்தம்.

“எங்கள் தொழிலில் இது ஒன்றும் புதிதில்லை” என்று அவளே தொடர்ந்தாள். “தினம் பொழுது விடிந்ததும் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் அனுப்புகிறீர்களே, அந்த வாட்ஸ்அப்பிலேயே ஒரு கதை இருக்கிறது.”

அவள் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்து உங்களுக்குச் சொல்கிறேன்.

ஜான் கூம் என்பவர் உக்ரைன் தேசத்தில், கீவ் நகருக்குப் பக்கத்தில் வளர்ந்த பையன். அப்போது அங்கே சோவியத் ஆட்சி. யாராவது ஒட்டுக் கேட்பார்கள் என்ற பயத்தில் வீட்டில் டெலிபோனில் அதிகம் பேசவே மாட்டார்களாம். 1992-ல், பதினாறு வயதில், தாயாருடனும் பாட்டியுடனும் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்திலுள்ள மவுண்டன் வியூ என்ற ஊருக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தாயார் செய்த ஒரு காரியம் நம் சகோதரிகளுக்குப் பிடிக்கும். போகிற ஊரில் பள்ளிக்கூடச் சாமான் வாங்கப் பணம் ஏது என்று, புறப்படும்போதே பேனாக்களையும் இருபது நோட்டுப் புத்தகங்களையும் பெட்டியில் அடைத்துக் கொண்டு கிளம்பினாராம்! வந்த இடத்தில் பிறர் குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் வேலை தாயாருக்கு. மளிகைக் கடையில் தரை கூட்டும் வேலை பிள்ளைக்கு. சர்க்கார் கொடுக்கும் உணவுச் சீட்டை வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிட்ட குடும்பம்.

பையன் கம்ப்யூட்டர் கற்று, யாஹூ கம்பெனியில் சேர்ந்தார். அங்கே பிரையன் ஆக்டன் என்பவர் சிநேகமானார். விளம்பரத்தை நம்பியே நடக்கும் அந்தத் தொழில் இருவருக்கும் கசந்துவிட்டது. 2007-ல் வெளியே வந்தார்கள். பேஸ்புக்கில் வேலை கேட்டார்கள், இருவருக்குமே கிடைக்கவில்லை. 2009-ல் கூம் வாட்ஸ்அப்பை ஆரம்பித்தார். அதே வருஷம் ஆக்டனும் வந்து சேர்ந்தார்.

ஆக்டன் ஒரு துண்டுச் சீட்டில் தம் கைப்பட மூன்று வரி எழுதிக் கொடுத்தார். விளம்பரம் கிடையாது, விளையாட்டு கிடையாது, ஜாலவித்தை கிடையாது என்பது அதன் சாரம். கூம் அதைத் தம் மேஜையிலேயே ஒட்டி வைத்துக் கொண்டார். விளம்பரம் உள்ளே நுழைந்தால் உபயோகிக்கிறவரே விற்பனைச் சரக்காகிவிடுவார் என்று 2012-ல் பகிரங்கமாகவே எழுதினார். வருஷத்துக்கு ஒரு டாலர் சந்தா. அதில் நடத்திக் கொள்கிறோம் என்றார்கள். ஒட்டுக் கேட்பவர்களுக்குப் பயந்து வளர்ந்த பையன் அல்லவா? அவர் சொன்னதை ஜனங்கள் நம்பினார்கள்.

2014 பிப்ரவரியில் பேஸ்புக் வாட்ஸ்அப்பை விலைக்கு வாங்கியது. விலை 1,900 கோடி டாலர்! அப்போது அதை உபயோகித்தவர்கள் 45 கோடிப் பேர். விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட கூம் எங்கே போனார் தெரியுமா? ஒரு காலத்தில் உணவுச் சீட்டுக்காக வரிசையில் நின்றாரே, அந்த அலுவலகம் இருந்த கட்டடத்தின் வாசலுக்கு. கதவின் மேலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்திட்டார். படிக்கும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது நோட்டுப் புத்தகங்களைச் சுமந்து வந்த அந்தத் தாயார் அதைப் பார்க்க இல்லை, 2000-லேயே காலமாகிவிட்டார்.

அடுத்த மாதமே கூம் ஒரு வாக்குறுதி கொடுத்தார். எங்கள் கொள்கையை மாற்றிக் கொள்ள வேண்டும் என்றிருந்தால் இந்த ஏற்பாட்டுக்கே ஒப்புக் கொண்டிருக்க மாட்டோம், கவலை வேண்டாம் என்ற அர்த்தத்தில் எழுதினார்.

இரண்டரை வருஷம் ஆயிற்று. 2016 ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு நாள் போனைத் திறந்தவர்களுக்கு ஓர் அறிவிப்புக் காத்திருந்தது. நிபந்தனைகள் மாறியிருக்கின்றன, சம்மதம் என்று அழுத்துங்கள் என்று. எல்லோரும் அழுத்தினோம். யார் படித்தது? ஆனால், முழு விவரம் படிக்க என்ற இடத்தைத் தொட்டுத் திறந்தவர்களுக்கு அடியில் ஒரு சின்னக் கட்டம் தெரிந்தது. உங்கள் கணக்கு விவரத்தைப் பேஸ்புக்குடன் பகிர்ந்து கொள்ளலாம், அங்கே உங்களுக்கேற்ற விளம்பரம் காட்டலாம் என்று பக்கத்தில் வாசகம். கட்டத்தில் ‘டிக்’ அடையாளம் முன்கூட்டியே போடப்பட்டிருந்தது! வேண்டாதவர்கள் தாமே தேடிப் போய் அதை எடுக்க வேண்டும். தவறவிட்டவர்களுக்கு மேலும் முப்பது நாள் கெடு, அதோடு சரி.

கல்யாணப் பந்தியில் கேட்காமலே இலையில் பரிமாறிவிட்டு, “வேண்டாம் என்றால் எழுந்து போய்ச் சமையல் கட்டில் சொல்லிவிட்டு வாருங்கள்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இது.

ஐரோப்பாவில் இதை விடவில்லை. வாட்ஸ்அப்பை வாங்குவதற்கு அனுமதி கேட்டபோது, 2014-ல், இங்கே இருக்கும் நபரும் அங்கே இருக்கும் நபரும் ஒருவர்தான் என்று இயந்திரத்தால் நம்பகமாக இணைத்துப் பார்க்க இயலாது என்று ஐரோப்பியக் கமிஷனிடம் பேஸ்புக் சொல்லியிருந்தது. 2016-ல் அந்த இணைப்புக்குத்தான் அடிகோலினார்கள். கமிஷன் விசாரித்தது. அதற்கான வழி 2014-லேயே இருந்தது, கம்பெனி ஊழியர்களுக்கும் அது தெரிந்திருந்தது என்று கண்டு, 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் போட்டது. வேண்டுமென்று செய்த தவறல்ல என்பது கம்பெனியின் பதில். ஆனால், இணைப்பது மிகவும் கஷ்டம் என்று எடுத்துச் சொல்லும்படி தமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள் என்று ஆக்டன் பின்னால் ஒரு பேட்டியில் போட்டு உடைத்துவிட்டார்.

ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நாம் எழுதும் கடிதத்தை, அனுப்பியவரையும் பெறுபவரையும் தவிர வேறு எவரும் படிக்க முடியாதபடி பூட்டுப் போட்டதும் இதே வாட்ஸ்அப்தான். 2016 ஏப்ரலில் எல்லோருக்கும் அந்த வசதி வந்தது. ஆகவே, உங்கள் மாமியாரைப் பற்றி உங்கள் தங்கைக்கு நீங்கள் எழுதியதை அமெரிக்காவில் யாரும் படித்துக் கொண்டிருக்கவில்லை. உறைக்குள் இருக்கும் கடிதம் பத்திரம். உறையின் மேலே இருக்கும் விலாசம் இருக்கிறதே, அதுதான் வியாபாரம்.

ஆக்டன் 2017-ல் ராஜிநாமா செய்தார். இன்னும் சில காலம் பல்லைக் கடித்துக் கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சேர வேண்டிய பங்குகளின் மதிப்பு ஏறக்குறைய 85 கோடி டாலர். அதை விட்டுவிட்டு எழுந்து போனார். மறு வருஷம், விளம்பரமே இல்லாமல் நடக்கும் ‘சிக்னல்’ என்ற செய்திச் சேவையின் அறக்கட்டளைக்கு 5 கோடி டாலர் கொடுத்தார். நான் என்னை நம்பியவர்களின் அந்தரங்கத்தை விற்றுவிட்டேன், அந்த நினைவோடுதான் தினமும் வாழ்கிறேன் என்ற பொருளில் பேட்டியும் கொடுத்தார். அதைக் கேட்ட பேஸ்புக் அதிகாரி ஒருவர், உங்களைக் கோடீஸ்வரராக்கியவர்களையே தூற்றுவது கீழ்த்தரம் என்று பதிலுக்கு எழுதினார்.

இந்த ஆக்டனை என்னவென்று சொல்வது? விற்ற பிறகு அழுவது வேஷமா? அல்லது 85 கோடியை உதறியது தியாகமா? நான் இரண்டு நாள் யோசித்தேன். இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் என்றுதான் படுகிறது. விற்றபோது கிடைத்ததை அவர் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. ஆனால், நான் செய்தது தப்பு என்று வாய்விட்டுச் சொன்னார். அந்தத் தொழிலில் அதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்?

இதற்கெல்லாம் அந்தரங்கத்தின் அருமை அவர்களுக்குத் தெரியாததுதான் காரணம் என்று எண்ணாதீர்கள். பேஸ்புக் தலைவர் மார்க் ஸக்கர்பர்க் 2010 ஜனவரியில் ஒரு மேடையில், ஜனங்கள் இப்போது தங்களைப் பற்றிப் பலரிடம் தாராளமாகச் சொல்லிக் கொள்கிறார்கள், சமூக வழக்கமே மாறிவிட்டது என்ற கருத்தில் பேசினார். 2013-ல் பாலோ ஆல்டோ நகரில் தம் வீட்டை ஒட்டியிருந்த நான்கு வீடுகளை மூன்று கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிப் போட்டார் என்று பத்திரிகைகளில் வந்தது. யாரோ ஒருவர் அடுத்த வீட்டை வாங்கி, இன்னாருக்குப் பக்கத்து வீடு என்று விளம்பரப்படுத்தி விற்க உத்தேசித்திருந்தாராம். அதை அவரால் பொறுக்க முடியவில்லை. நியாயந்தானே! யாரால்தான் பொறுக்க முடியும்? நம்மாலும் முடியாது. நாலு வீடு வாங்கத்தான் நமக்கு வசதியில்லை. படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

மேஜையில் ஒட்டிய அந்தச் சீட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கூமும் 2018-ல் விலகிவிட்டார். 2021-ல் வந்த புது நிபந்தனையில், ஒப்புக் கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலைமை. நம் நாட்டுப் போட்டி ஆணையம் இதை விசாரித்து, 2024 நவம்பரில் 213 கோடியே 14 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிற்று. 2025 ஜூனில், வாட்ஸ்அப்பில் ‘ஸ்டேட்டஸ்’ பார்க்கும் இடத்தில் விளம்பரம் வரும் என்று அறிவித்துவிட்டார்கள். சீட்டின் முதல் வரி போயே போய்விட்டது.

எனக்கு இதில் தெரிவது ஒன்றுதான். வீட்டை விற்கும்போது சாவியை ஒப்படைக்கலாம். சத்தியத்தை ஒப்படைக்க முடியாது. சீட்டில் எழுதினாலும் சரி, சுவரில் எட்டடிக்கு எழுதினாலும் சரி, மையில் இருப்பது தர்மம் ஆகிவிடாது. யார் கையால் அந்தக் கட்டத்தில் டிக் அடையாளம் விழுகிறதோ, அந்தக் கையில்தான் இருக்கிறது. 2016-ல் அதையும் எங்கேயோ ஒரு மேஜையில் உட்கார்ந்து ஒரு பெண்ணோ பிள்ளையோதான் வரைந்திருக்க வேண்டும். அவர்களுக்கும் வீட்டுத் தவணை இருந்திருக்கும். நாம் போடாவிட்டால் அடுத்தவர் போடுவார் என்று அவர்களுக்கும் யாராவது சித்தி சொல்லியிருப்பாள். ஆக்டனின் மனச்சாட்சியாவது 1,900 கோடி டாலருக்கு வளைந்தது. என்னுடையது ஒரு வீட்டுத் தவணைக்கே வளைந்துவிட்டதே!

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. “உனக்குச் சரி என்று பட்டதைச் செய்” என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அதுவும் பாதிக் கோழைத்தனந்தான்.

அவள் கெட்டிக்காரி. திங்கட்கிழமை அதிகாரியிடம் வீராவேசமாக வசனம் பேசவில்லை. நம் மத்திய சர்க்கார் 2023 நவம்பரில் வெளியிட்ட விதிகளை அச்செடுத்துக் கொண்டு போனாள். வாங்குகிறவரை ஏமாற்றும் திரைத் தந்திரங்கள் பதின்மூன்று என்று அதில் பட்டியல் போட்டுத் தடை செய்திருக்கிறார்கள். ‘டார்க் பேட்டர்ன்ஸ்’ என்று அவற்றுக்குப் பெயர். இன்னும் சற்று நேரந்தான் இருக்கிறது என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஒன்று. கேட்காத பொருளைக் கூடையில் சேர்த்துவிடுவது ஒன்று. வேண்டாம் என்றால் மனம் கூசும்படி வாசகம் எழுதுவது ஒன்று. சந்தாவில் சேருவதைச் சுலபமாக்கி, விலகுவதைச் சிரமமாக்குவது ஒன்று. ‘வேண்டாம்’ என்ற பட்டனை வெளிறிய வர்ணத்தில் போடுவதும் அதில் உதாரணமாகவே சொல்லப்பட்டிருக்கிறது! சகோதரிகளே, இனிமேல் போனில் சாமான் வாங்கும்போது இந்த நாலையும் ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள். சாம்பல் நிறத்தில் மூலையில் ஒளிந்து கொண்டிருப்பதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

அதிகாரி காகிதத்தைப் படித்தார். முகம் சுளித்தார். பட்டன் ஒரே அளவில் போயிற்று. அவளுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? வேலை போகவில்லை. ஆனால் வேறு ஒரு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இந்த வருஷம் வரவேண்டிய சம்பள உயர்வு அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று தள்ளிப் போய்விட்டது. தர்மம் தலைகாக்கும் என்று உங்களுக்கு நான் எழுதிவிடலாம். தவணை கட்டுவது அவள்தானே?

இத்தோடு முடித்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும். ஆனால் போன வாரம் அவள் மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை காப்பி கேட்டாள். குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

“சித்தி, என் போட்டோவையும் ஜாதகத்தையும் நாலு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருக்கிறீர்களாமே? என்னோடு வேலை செய்கிற பெண்ணின் அம்மா பார்த்துவிட்டுச் சொன்னாள்.”

“நல்ல இடமாக அமையட்டும் என்றுதான்...” என்று இழுத்தேன்.

“நல்லதற்குத்தான். ஆனால் என்னைக் கேட்டீர்களா? எனக்கு ‘வேண்டாம்’ பட்டன் எங்கே இருந்தது, சித்தி?”

பதில் சொல்லத் தெரியவில்லை. போனை எடுத்து அழிக்க உட்கார்ந்தேன். ஒரு குரூப்பில் முந்தின நாள்தான் போட்டிருந்தேன், அழிந்துவிட்டது. மற்ற மூன்றிலும் போட்டு இரண்டு வாரம் ஆகிவிட்டது. எல்லோர் போனிலிருந்தும் எடுப்பதற்கு உண்டான கெடு கடந்துவிட்டது என்றாள் அவள். பிறந்த தேதி, நட்சத்திரம், சம்பளம், உயரம் எல்லாம் யார் யார் போனில் இருக்கிறதோ!

“இனிமேல் உன்னைக் கேட்காமல் எதையும் போடமாட்டேன், சத்தியம்!” என்றேன்.

“ஒரு சீட்டில் எழுதி மேஜையில் ஒட்டி வையுங்கள்” என்று சொல்லிவிட்டு, டம்ளரைக் கழுவி வைக்க எழுந்து போனாள்.